பயண நோக்கம்: மருத்துவமனை

கூப்பிட்ட வீட்டு வாசலுக்கு வண்டி அனுப்பும் தொழிலில் முதலில் தேய்வது டயர் இல்லை, போன் எடுக்கிறவளின் காது.

என் இடது காது இன்றைக்கும் லேசாக மடங்கித்தான் இருக்கும். இரண்டாயிரம் பிறந்த சமயம், திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட் இருந்தது. நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள் போன் பண்ணினால் வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன். அதற்கு ஆட்கள் மொத்தம் இரண்டே பேர். ஓட்டுவதற்கு தாஸ் அண்ணன், போன் எடுப்பதற்கு நிர்மலாவாகிய நான். எனக்கும் சின்ன வயதில் போலியோ வந்து வலது காலில் காலிப்பர்தான், இரும்புக் கம்பியும் பட்டையுமாக. பஸ் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் இருக்கும்போதே கண்டக்டர் விசில் ஊதிக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாமெல்லாம் ஒரே கட்சி.

டிரஸ்டில் இரண்டு சட்டம். முதல் நாள் மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும். போகிற இடம் மருத்துவமனை, பள்ளிக்கூடம், அரசாங்க ஆபீஸ், இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். டிரிப் ஷீட்டில் 'பயண நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு, அதை நான் நிரப்ப வேண்டும். அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கவிழ்த்தது அதுதான்.

ஐஸ் பலகை

வேனின் பின்கதவில் சக்கர நாற்காலி ஏற ஒரு இரும்புப் பலகை வைத்திருந்தார்கள். எங்கள் செயலாளர் சார் காலி நாற்காலியை ஏற்றிப் பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லி எலுமிச்சம்பழமும் நசுக்கிவிட்டார். காலி நாற்காலி எதில்தான் ஏறாது?

முதல் சவாரி காசிமேட்டு கன்னியப்பன். விசைப்படகு கயிற்றில் மாட்டி ஒரு கால் போனவர். போனது கால் மட்டும்தான், தொப்பை அப்படியே இருந்தது. தாஸ் அண்ணன் பின்னாலிருந்து தள்ள, நாற்காலி பாதிப் பலகை ஏறி, யோசித்து, திரும்பி வந்தது. கன்னியப்பன், தாஸ் அண்ணன் மேல்; தாஸ் அண்ணன், சேற்றின் மேல். திறப்பு விழா என்று நானும் கூடப் போயிருந்தேன், சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். கன்னியப்பனின் தோஸ்துங்க நாலு பேர் ஓடிப்போய் படகில் ஐஸ் ஏற்றும் மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல நீளம். அதை வேனில் சாய்த்ததும், வெண்ணெயில் போகிற மாதிரி நாற்காலி மேலே போய்விட்டது. அடுத்த வாரமே எங்கள் இரும்புப் பலகையை அந்த நீளத்துக்கு மாற்றி, நடுவில் மடிக்கக் கீல் வைத்தோம். அன்றைக்கு உள்ளே உட்கார்ந்ததும் கன்னியப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா இது, ஐஸுகட்டிய ஏத்துறதுக்கே நாங்க இம்மா நீட்டு பலக போடுறோம், மன்சன ஏத்த இத்தினிகூண்டா?"

லோடு பேசுகிறது

முதல் நாளே சொல்லி வைக்கிற சட்டம் எனக்குப் பிடிக்கவே இல்லை. வயிற்று வலி என்ன முந்தின நாள் மத்தியானமே போன் பண்ணிவிட்டா வருகிறது? அதோடு, தாஸ் அண்ணன் ராயபுரத்தில் ஒருவரை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திருவொற்றியூர் வரை திரும்பி வருவார். அதே நேரம் தண்டையார்பேட்டையில் ஒருத்தர் வாசலில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு ரூபாய் காசு பத்து பதினைந்து மாற்றிப் பையில் வச்சுக்கோங்கண்ணே. யாரை எங்க இறக்கினாலும் பக்கத்துப் பெட்டிக்கடை டப்பா போன்ல எனக்கு ஒரு காசு போடுங்க. அடுத்து யாருன்னு சொல்றேன்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். அன்றைக்கே கூப்பிட்டவர்களுக்கு அன்றைக்கே வண்டி போக ஆரம்பித்தது. ஒரே குறை, தாஸ் அண்ணன் மணலியில் பத்து வருஷம் டேங்கர் லாரி ஓட்டியவர். பழக்கம் விடவில்லை. யாரை இறக்கினாலும், "லோடு எறக்கிட்டேன்" என்பார். ஒரு நாள் ராயபுரம் பாஷா பாயை இறக்கிவிட்டு அப்படியே சொல்லியிருக்கிறார். பாய்க்குக் கண் தெரியாது, பிரம்பு நாற்காலி பின்னுகிறவர். காது மட்டும் எட்டு ஊர் சத்தத்தையும் பிடிக்கும். ரிசீவரை வாங்கிக்கொண்டு மரியாதையாகப் பேசினார்: "அம்மா, லோடு பேசுறேன். ஆறு மணிக்கு மறுபடியும் இதே இடத்துல என்னை ஏத்திக்கணும்."

எல்லாருக்கும் உடம்பு சரியில்லை

சடையங்குப்பத்திலிருந்து செல்வி போன் பண்ணினது ஒரு திங்கட்கிழமை. இருபத்திரண்டு வயசு, சக்கர நாற்காலி. டைப்பும் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ராயபுரத்தில், ஹார்பருக்குச் சரக்கு அனுப்பும் ஏஜெண்டு ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், காலை ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டும், மூன்று நாள் லேட் ஆனால் கிளம்ப வேண்டியதுதான். பஸ்ஸில் ஏற முடியாது, ஷேர் ஆட்டோக்காரர்கள் நாற்காலியைப் பார்த்ததுமே வேகம் எடுக்கிறார்கள். "வேலைக்குப் போவணும்க்கா, வண்டி வருமா?" என்றாள்.

கட்டத்தைப் பார்த்தேன். வேலைக்கு என்று அதில் இடமே இல்லை. அந்தப் பெண்ணிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேனாவை எடுத்து 'மருத்துவமனை' என்று எழுதினேன்.

முதல் பொய்தான் கஷ்டம். அப்புறம் கை தானாகவே ஓடியது. கன்னியப்பன் மீன் ஏலத்தில் தோஸ்துங்களைப் பார்க்கப் போனால் மருத்துவமனை. எர்ணாவூர் அக்கா ஒருத்தி தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால் மருத்துவமனை. பாஷா பாயும் அவர் வீட்டம்மாவும் சனிக்கிழமைதோறும் மேட்னி போவார்கள். வீட்டம்மா திரையில் நடப்பதைக் காதில் சொல்லிக்கொண்டே வருவார்கள், பாய் வசனத்துக்குக் கை தட்டுவார். அதுவும் மருத்துவமனைதான். ஒரு சனிக்கிழமை, ஷீட்டுக்காக "எந்த டாக்டர் பாய்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். பாய் அசரவில்லை: "பேர் தெரியாதும்மா, ஆனா கடைசி சண்டையில டாக்டர் பத்து பேரைப் போட்டு அடிச்சாருன்னு எழுதிக்கோ."

கப்பல் சொன்ன வழி

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு தடவையாவது மாட்டியவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில், டிரைவர்கள் இறங்கி ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுவார்கள். வரிசை அங்கேயேதான் இருக்கும். முதல் மாதத்திலேயே செல்விக்கு அதில் இரண்டு லேட். "இன்னொரு தபா லேட்டானா அனுப்பிடுவாங்கக்கா" என்று போனில் சொன்னாள். அழவில்லை. 

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, நாளைக்கு எக்ஸ்பிரஸ் ரோடு வாணாம். டி.எச். ரோட்டுல இட்டுகினு போவ சொல்லு." ஏண்டி என்றேன். "நாளைக்கு ராத்திரி ஒரு கப்பல் கெளம்புது. அதோட பேப்பரத்தான் டைப் அடிச்சுகினு கீறேன். கண்டெய்னர் பெட்டியெல்லாம் மத்தியானத்துக்குள்ள ஹார்பருக்குள்ள போயாவணும். காலைல இருந்தே லாரி நிக்கும், பாரு."

மறுநாள் எக்ஸ்பிரஸ் ரோடு அசையவில்லை. எங்கள் வேன் ஊருக்குள்ளே போகும் டி.எச். ரோட்டில் போய் ஒன்பது பத்துக்கே செல்வியை இறக்கிவிட்டது. அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அவள் கப்பல் செய்தி வாசிப்பாள், நான் மறுநாள் எல்லாருடைய சவாரிக்கும் அதை வைத்தே வழி போடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட மணி அடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். தாஸ் அண்ணன் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒத்துக்கொண்டார்: "பத்து வருசம் டேங்கர் ஓட்டுன எனக்கு, ரூமுக்குள்ள குந்திகினு ஒரு பொண்ணு ரோடு சொல்லுது நிர்மலா, கரீட்டா வேற சொல்லித் தொலைக்குது!"

எனக்குக் கிடைத்த பாராட்டு

செயலாளர் சார் ரிட்டயர் ஆனவர், வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு மை படாது. நல்ல மனுஷர். நல்ல மனுஷராக இருந்ததுதான் பேஜாரு. ஒரு நாள் டிரிப் ஷீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தார். பக்கம் பக்கமாக மருத்துவமனை, மருத்துவமனை, மருத்துவமனை. அவர் கண் கலங்கிவிட்டது. "நம்ம ஜனங்களுக்கு இவ்வளவு வியாதியாம்மா!" என்றார். எனக்கு மெதுவடை வாங்கிக் கொடுத்தார். அப்புறம் தலையில் இடியைப் போட்டார். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறார்கள், இனி வண்டி வீடு வீடாக அலைய வேண்டாம், அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கட்டும். வரும் சனிக்கிழமை கமிட்டியில் முடிவு செய்துவிடலாம்.

பாதி வடையை அப்படியே தட்டில் வைத்தேன். செல்விக்கு மூன்று மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது, ஒன்றாம் தேதிக்கோ பத்தே நாள். நிஜத்தைச் சொன்னால் என் வேலை போகும். காலிப்பர் போட்டவளுக்கு இன்னொரு வேலை எவன் தருவான்? சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். ஒரு நாள் முழுக்கப் பயந்து செத்தேன். சாயங்காலம் அவள் கப்பல் செய்தி சொல்லக் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முழுசும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீ பொய்யா எழுதுனாலும் நான் மெய்யாலுமே வேலைக்குத்தானேக்கா போனேன், அத்த போயி சொல்லு."

மாடி ஏறாத கூட்டம்

சனிக்கிழமை காலையிலிருந்தே வேன் ஓடியது. சடையங்குப்பம், எர்ணாவூர், காசிமேடு, ராயபுரம் என்று ஒவ்வொருவராக டிரஸ்ட் ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அன்றைக்கு மட்டும் கட்டத்தில் 'சண்டை போட' என்று நேர்மையாக எழுதினேன். ஆனால் நான் போன் எடுக்கிற அறைதான் கீழே, கமிட்டி கூடுவது மாடியில். நடக்க முடியாதவர்களுக்காக நடத்தும் டிரஸ்டில், செங்குத்தாக இருபத்தோரு படி! எங்கள் ஆட்கள் கீழேயே நின்று குரல் கொடுத்தார்கள். கன்னியப்பன் குரல் கடல் தாண்டிக் கேட்கும். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

நான் ஷீட்டுகளை செயலாளர் சார் கையில் வைத்தேன். "சார், இதுல பாதிக்கு மேல பொய். எழுதினது நான்தான். என்னை அனுப்பணும்னா அனுப்பிடுங்க, வண்டியை மட்டும் அனுப்பாதீங்க" என்றேன்.  சார் முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொருவராகப் பார்த்து, "நீங்க எங்க போனீங்க?" என்று கேட்டார். ஏலம் என்றார் கன்னியப்பன். சினிமா என்றார் பாஷா பாய், கதையையும் சொல்ல ஆரம்பித்தார், வீட்டம்மா முழங்கையால் இடித்து நிறுத்தினார்கள். சார் செல்வி பக்கம் திரும்பி, "இது நோயாளிங்களுக்கான வண்டிம்மா" என்றார். அவள் நாற்காலியை அவர் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"எனக்கு நோயே இல்ல சார், நடக்கத்தான் முடியாது. ஒடம்பு சரியில்லன்னா மட்டும் வூட்ட வுட்டு வெளிய வரலாம்னா, நல்லா கீறப்ப நாங்க எங்க போறது?"

 சார் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'பயண நோக்கம்' என்ற கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். முதல் முறையாக அந்த வெள்ளைச் சட்டையில் மை தெறித்தது. "வண்டி இங்கேயே ஓடட்டும். முதல்ல இந்த ஆபீஸை மாடியிலிருந்து கீழே கொண்டுவரணும்" என்றார். கன்னியப்பன் விசில் அடித்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அந்த மூன்று மாதம் முடிந்ததும், மூன்றாவது லேட்டைப் பார்க்காமலேயே செல்விக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஆபீஸில் கொடுத்த லட்டை என் மேஜைக்கு அனுப்பி வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் கலையும்போது செல்வி மணியைப் பார்த்தாள். "ஜல்தி கெளம்புங்க, இன்னிக்கு ரெண்டு கப்பல் கீது" என்றாள். கமிட்டிக்காரர்கள் காரில் ஏறி எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் போனார்கள். செயலாளர் சார் அவர்களையும் பார்த்தார், எங்கள் வேனையும் பார்த்தார், மெல்ல வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பழக்க தோஷம், நான் பேனாவை எடுத்து, "எங்க சார் போறீங்க, என்னன்னு எழுத?" என்றேன். சார் சிரிக்காமல் சொன்னார்: "மருத்துவமனைன்னே எழுதும்மா."

ஒரே ஒரு கவலை எனக்கு, என்றைக்காவது எவனாவது ஒருத்தன் அந்தப் பழைய ஷீட்டுகளைத் தோண்டியெடுத்துப் படித்தால், வடசென்னைக்காரர்களுக்குச் சனிக்கிழமை மேட்னி நேரத்தில் மட்டும் தாக்குகிற ஒரு மர்மக் காய்ச்சல் இருந்தது என்று புத்தகமே எழுதிவிடுவான்.