மைக்செட் மயில்சாமியின் சந்தேகம்

மேடையில் யார் வாய் திறந்தாலும் மயில்சாமி ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொள்வார். ஒரு காது மைக்குக்கு, இன்னொன்று கூட்டத்துக்கு. சங்ககிரியில் இருபத்தாறு வருடமாக மைக்செட் வைத்திருக்கிறார். காதுகுத்து முதல் இரங்கல் கூட்டம் வரை பார்த்தாயிற்று. எவர் பேச்சையும் அப்படியே நம்பியதில்லை.

"ஒரே வார்த்தைய மூணு தடவ சொல்லுவாங்க. ரெண்டாவதுல கூட்டத்துல கை எழும்பும், மூணாவதுல தட்டீருவாங்க. நாலாவது சொன்னா சலிச்சுப்போயிருமுங்க."

கேள்வி கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கிறவர்கள் மேல் இன்னும் சந்தேகம். "பதில் இருந்தாச் சொல்லியிருப்பாருல்லீங்க?"

வீட்டிலும் இதே கதைதான். மனைவி அத்தாயி "நீங்க நல்லவருதான், பொறுமசாலிதான்" என்று தொடங்கினால், "மூணாவதா என்ன கேக்கப்போறே?" என்பார்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு பேச்சு அழவைத்தது. வெவ்வேறு விபத்துகளில் இறந்த ஏழு ஓட்டுநர்களுக்கு லாரி ஸ்டாண்டில் நினைவுத்தூண் திறந்த நாள். லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் நவநீதகிருஷ்ணன் பேசினார். "அவர்கள் ஓட்டியது லாரியை அல்ல, நம் ஊர் அடுப்புகளை. அவர்கள் சாலையில் விழவில்லை, நம் நெஞ்சில் எழுந்தார்கள்." பிறகு ஏழு பேரையும் ஊர், தகப்பன் பெயரோடு ஒவ்வொருவராக அழைத்தார். கூட்டம் விசும்பியது. அந்தப் பேச்சு போன் போனாகப் பரவி, இன்று பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்.

அழுததுதான் மயில்சாமியை உறுத்தியது. மறுநாள் கடையில் உட்கார்ந்து பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஓரிடத்தில் நிறுத்தினார். "விதி என்னும் சாரதி அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான்." ஏழு பேரில் பெரியசாமி ஓட்டியது தலைவருடைய லாரி. மாற்று டிரைவர் இல்லாமல் தொடர்ந்து மூன்றாம் நாளாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

"மாத்து டிரைவர் போடாதது விதியாங்க?" என்று பார்த்தவரையெல்லாம் கேட்டார். "நல்ல பேச்சுப்பா, விடு" என்றார்கள்.

போன வாரம் பெரியசாமியின் மனைவி சௌந்திரம் கடைக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, அந்தப் பேச்ச என்ற போன்ல ஏத்திக் குடுங்க."

மயில்சாமிக்குப் பொறுக்கவில்லை. "அம்மிணி, அது ஒன்னைய ஏமாத்துற பேச்சு. தப்பத் தூக்கி விதி மேல போட்டுட்டாரு. அழுகையில யாரும் கவனிக்கல."

"எனக்குத் தெரியாதுங்களா? தூக்கம் சொக்குதுன்னு அவரு கடைசியா எங்கிட்டத்தானே பேசினாரு. கேஸு போட்டிருக்கறன், விடமாட்டேன்." குரல் உயரவில்லை. "ஆனா கோர்ட்டுல அவரு வெறும் டிரைவருங்ணா. ஊரு, அப்பாரு பேரோட நாலு பேரு முன்னால அவரைக் கூப்பிட்டது அந்தப் பேச்சுலதான். அந்த எடம் மட்டும் போதும்."

மயில்சாமி கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, முன்னும் பின்னும் வெட்டி ஓடவிட்டார். "வைகுந்தம் கிராமம், முத்தண்ணன் மகன் பெரியசாமி."

சௌந்திரம் தலையை ஆட்டினாள். "கூப்பிடறதுக்கு முன்னால தலைவரு ஒரு மூச்சு நிறுத்துவாருங்ணா. அதையுஞ் சேத்துக்குங்க."

மயில்சாமி அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு திரையில் தொடக்கத்தில் வெட்டிய கோட்டை மெல்ல இரண்டு நொடி பின்னுக்கு நகர்த்தினார்.