மீன்காரருக்காக வைத்த மஞ்சள் பொட்டு

நடந்துகொண்டிருக்கும் ஒரு சண்டையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. இத்தனைக்கும் ஒரு காலத்தில் சண்டைகளை நிறுத்துவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தின் மிச்சமாக எங்கள் பீரோக் கண்ணாடியின் மூலையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறது. பசை போய்விட்டதால் மேலே செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆறு வயதாகும் என் மகள், யாரும் நெற்றியில் வைக்காத பொட்டு எதற்கு என்று அவ்வப்போது கேட்பாள். அது நெற்றிக்கு வாங்கிய பொட்டு அல்ல, கீபோர்டில் எச் என்ற எழுத்தின் மேல் ஒட்டுவதற்காக வாங்கியது என்று சொன்னால் சிரிக்கிறாள்.

திருமணத்துக்கு முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலாவது மாடியில் இருந்த ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பிரிட்டனில் வெளிவரும் சில சிற்றூர்ப் பத்திரிகைகளின் இணையப் பக்கங்களில் வாசகர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, வெளியிடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் வேலை. ஏ எழுத்தை அமுக்கினால் கருத்து வெளியாகும். ஆர் எழுத்தை அமுக்கினால் நிராகரிக்கப்படும். எச் எழுத்தை அமுக்கினால் அப்படியே நிறுத்தி வைக்கப்படும், வேறொருவர் வந்து பார்க்கும்வரை. விருதுநகரிலிருந்து ஆங்கில இலக்கியப் பட்டத்தோடு வந்த எனக்கு, நான் இதுவரை பார்த்திராத ஒரு கடற்கரை ஊரின் மனிதர்கள் எதைப் பேசலாம் என்று அம்பத்தூரில் உட்கார்ந்து சொல்வது முதல் வாரத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் தவறோ என்று இப்போது நினைக்கிறேன்.

பக்கத்து சீட்டில் ஓர் அக்கா. என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து ஆவடிக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி, பிறகு ஷேர் ஆட்டோவில் வருவார். விமானப்படைக் குடியிருப்பின் ஓரத்தில் வளர்ந்து, அங்கிருந்த விமானப்படைக்காரர்களின் பிள்ளைகளோடு படித்தவர். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். தமிழோ சுத்தமான மெட்ராஸ் தமிழ். ஒரு நாள் நான் அவசரத்தில் ஏ எழுத்துக்குப் பதிலாக வேறொன்றை அமுக்கிவிட்டுப் பதறியதைப் பார்த்து, மறுநாள் ஃபேன்ஸி ஸ்டோரிலிருந்து ஒரு பொட்டு அட்டை வாங்கி வந்தார். ஏ மேல் பச்சை, ஆர் மேல் சிவப்பு, எச் மேல் மஞ்சள். என் கீபோர்டிலும் தன்னுடையதிலும் ஒட்டினார். "இன்னா டீச்சரம்மா, இப்ப கண்ண மூடிகினு கூட வேல செய்யலாம்" என்றார். நான் எம்.ஏ. படித்தவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சரம்மா.

அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா விலகுவதா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்திருந்தது. அதுவரை குப்பை வண்டி வராதது, நாய் குரைப்பது, கார் நிறுத்த இடமில்லாதது என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒரே இரவில் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். வரிசையில் காத்திருக்கும் கருத்துகளின் எண்ணிக்கை பல மடங்கானது. மதியம் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் உட்காரும்போது அங்கே காலை விடிந்திருக்கும்; காப்பிக் கோப்பையோடு திட்டத் தொடங்குவார்கள். கீழே பட்டறைகளில் பிரஸ் மெஷின் அடிக்கிற சத்தம் தாளம்போலக் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்போல ஆனார்கள். ஒருவர் படகு வைத்திருந்து ஓய்வு பெற்ற மீன்காரர். விலக வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கள் கடலில் நாங்கள் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று எங்கோ உட்கார்ந்திருப்பவன் சொல்வதா என்று தினமும் கேட்பார். இன்னொருவர் அதே ஊரில் ரோஜாத் தோட்டம் போட்டிருந்த ஓர் அம்மாள். மகன் அடுத்த நாட்டுப் பெண்ணைக் கட்டியிருந்தான். விலகினால் குடும்பமே கடலுக்கு இரண்டு பக்கமும் கிழிபடும் என்பது அவர் பயம். அங்கே காலை எட்டு மணிக்கு இருவருக்கும் சண்டை தொடங்கும். அக்கா அதைச் சத்தமாகத் தமிழில் மாற்றிப் படிப்பார். "யோவ், உன் மீன நீயே வெச்சுக்க, அத வாங்கித் துன்றவன் அக்கரைல தான கீறான், அவன் ஒத்துக்கலன்னா இன்னா பண்ணுவ, கருவாடு போடுவியா?" என்று ரோஜா அம்மாளின் குரலில் கேட்பார். அந்த அம்மாள் உண்மையில் எழுதியது மிகவும் நாகரிகமான இரண்டு வரிதான். அறையில் இருந்த எட்டுப் பேரும் சிரிப்போம். கூட்டுக் குடும்பத்தில் மூன்று ஓரகத்திகளோடு ஒரே அடுப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், நீங்கள் எந்தக் கட்சி என்று ஒருத்தி கேட்டாள். "காலைல ஏழு மணிக்குக் கேட்டா வெலகணும்பேன். புள்ளைக்கு சொரம் வந்தா சேந்தே இருக்கலாம்பேன்" என்றார்.

நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை. அன்று காலை கொரட்டூரில் நான் தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்துக் கடையில் பால் பாக்கெட் வாங்கும்போது கடைக்காரர், என்னிடம் அல்ல, என்னைத் தாண்டி இன்னொருவரிடம், "வெளியூர்லேந்து வந்து வந்து இறங்கறாங்க, நம்ம பசங்களுக்கு ஒரு ரூம் வாடகைக்குக் கெடைக்குதா பாரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அது நாள் முழுக்க என்னோடு வந்தது. மதியம் மீன்காரரின் கருத்து ஒன்று என் வரிசையில் வந்தது. எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களால் ஊரே மாறிவிட்டது, கடைக்குப் போனால் பழைய முகம் ஒன்றுகூட இல்லை என்று தொடங்கியிருந்தார். இரண்டு வரி படித்தேன். சிவப்பை அமுக்கினேன். அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

எங்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நிராகரித்த கருத்துகளில் சிலவற்றை இன்னொருவர் மறுபடி படிப்பார். அந்த வாரம் என்னுடையவை அக்காவிடம் போயிருந்தன. டிபன் பாக்ஸை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தவர், ஒரு கருத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார். பிறகு, "இதக் கடசி வரைக்கும் படிச்சியா?" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். நான் படிக்காத பகுதி ஐந்து வரி இருந்தது. மனைவி போன மாதம் இறந்துவிட்டாள், அவள் இருந்தவரை கடையில் நின்று எல்லோரோடும் பேசுவது அவள்தான், எனக்கு அது வராது, இப்போது ஒரு நாளில் நான் மனிதர்களோடு பேசுவது இந்தப் பக்கத்தில் மட்டும்தான், இங்கேயும் திட்டுவதற்கு ஓர் அம்மாள் இருப்பதால் காலையில் எழுந்திருக்கிறேன். இப்படி முடிந்திருந்தது. அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. யார் பெயரும் இல்லை. எங்கள் விதிகளில் எதற்கும் அது விரோதமில்லை. எனக்கு விரோதமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் உடனே காரணம் சொல்லத் தொடங்கினேன். பால் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். வெளியூர்க்காரர்கள் என்று பேசுவதே மட்டமான பேச்சு என்று சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "நாங்களும்தான் சொல்றோம். ஏரியெல்லாம் தூத்து பிளாட்டு கட்டி, எல்லாரும் வந்து குந்திகினீங்கன்னு. எங்க ஊட்ல டெய்லி இதே பேச்சுதான். அப்ப என்னியும் சிவப்புல தள்ளுவியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

நிராகரித்ததை ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெறலாம். ஆனால் டீம் லீடரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பிழையாக என் பெயரில் ஏறும். ஏற்கெனவே இரண்டு ஏறியிருந்தது. வேலை நிரந்தரமாவதற்கு ஒரு மாதம் இருந்தது. மூன்றாவது ஏறினால் வேலை போகலாம். வேலை போனால் ஊருக்குத் திரும்பி வா என்று அப்பா சொல்வார். "அக்கா, இத விட்ருங்களேன்" என்றேன். அப்படிக் கேட்டதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. அக்கா திட்டவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. "நானு பச்சையும் அமுக்கல, சிவப்பும் அமுக்கல" என்று மஞ்சள் பொட்டை அமுக்கினார். "திங்கக்கெழமைக்கு ஒன் வரிசைலயே வந்து நிக்கும். நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, ஆவடி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் துணி துவைத்துக்கொண்டே யோசித்தேன். எல்லாத் துணியையும் இரண்டு முறை அலசினேன். யாரோ ஒரு கிழவர், யாரோ ஓர் ஊர். அவர் ஓட்டுப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவர் ஓட்டைப் பற்றி எழுதவில்லை, காலையில் எழுந்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தார்.

திங்களன்று மதியம் உட்கார்ந்ததும் வரிசையில் முதலில் நின்றது மீன்காரரின் கருத்து அல்ல, ரோஜா அம்மாளுடையது. மீன் பிடிப்பவர் எங்கே, புதன்கிழமையிலிருந்து காணோம், உடம்புக்கு முடியவில்லையா, அவர் வீடு தெரிந்தவர்கள் யாராவது கதவைத் தட்டிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில், அவருடைய கருத்து அத்தனையும் தவறு, ஆனால் அவர் வர வேண்டும் என்றிருந்தது. அக்கா இதைத் தமிழில் மாற்றிப் படிக்கவில்லை. நான் பச்சையை அமுக்கிவிட்டு எழுந்து டீம் லீடரின் அறைக்குப் போனேன்.

அவர், "படிக்காம ரிஜெக்ட் பண்ணீங்களா? சரி, எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து மீன்காரரின் கருத்தைப் பச்சையில் விட்டேன். வேலை போகவில்லை, நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அப்பாவிடம் அலுவலகத்தில் எல்லோருக்குமே அப்படித்தான் என்று ஒரு பொய் சொன்னேன். ஆனால் அன்று மாலை டீ இடைவேளைக்குள் மீன்காரர் வந்துவிட்டார். தன் கருத்து இத்தனை நாள் வெளியாகாததால், தன் பேச்சு இங்கே யாருக்கும் வேண்டாம் என்று நினைத்து ஒதுங்கியிருந்ததாக எழுதியிருந்தார். அதற்கு அந்த அம்மாள், மனைவி இறந்ததை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஒரு சண்டை போட்டார். பிறகு மீன் பிடிக்கும் அளவு பற்றி இன்னொரு சண்டை. அக்கா பழையபடி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "பாத்தியா, அஞ்சு நாள் சேத்து வெச்சிகினு திட்டுது ரோஜாம்மா." நான் அன்று சாப்பிட்ட வடை இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு நிம்மதி.

வாக்கெடுப்பின் முடிவு வந்தபோது நாங்கள் வேலைக்கு உட்காரும் நேரம். விலக வேண்டும் என்ற கட்சி வென்றிருந்தது. கருத்துகள் வந்து குவிந்தன. அழுகை, கொண்டாட்டம், வசை. சிவப்புப் பொட்டு தேய்ந்து அன்றுதான் உதிர்ந்தது. அந்தக் குவியலுக்கு நடுவில் ரோஜா அம்மாள் மீன்காரருக்கு ஒரே வரி எழுதியிருந்தார்: இன்றைக்கு உங்களோடு என்னால் பேச முடியாது, நாளைக்கு வருகிறேன். அவர் பதில் இன்னும் சிறியது: சரி, இருப்பேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் இருந்தார்கள். இரண்டையும் பச்சையில் விட்டது நான்தான் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்ன சந்தோஷம்.

பிறகு அந்த வேலையை ஒரு கணினி நிரலே செய்யத் தொடங்கியது. எங்கள் அறை கலைந்தது. கடைசி நாளில் அக்கா என் கீபோர்டிலிருந்து மஞ்சள் பொட்டை நகத்தால் பெயர்த்து என் கையில் ஒட்டினார். அவர் இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் லாரிகளை வரிசைப்படுத்தும் வேலையில் இருக்கிறார். ஓரகத்திகளோடுதான் இன்னும் இருக்கிறார், அடுப்பு மட்டும் இரண்டாகியிருக்கிறது.

எனக்குத் திருமணமாகி, அதே கொரட்டூரில் அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறோம். எதிர்வீட்டுச் சிறுமிக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. தினமும் மாலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் நடைவழியில் விளையாடுவார்கள், தினமும் சண்டை. போன வாரம் உள்ளேயிருந்து கேட்டேன். "நீங்க புதுசா வந்தவங்க, நாங்கதான் இங்க ஃபர்ஸ்ட்" என்று என் மகள் சொன்னாள். பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தி உள்ளே இழுத்து வந்தேன். அவள் அழுதுகொண்டே, "அம்மா, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றாள். அப்போது கண்ணாடியில் என் முகமும் அந்த மஞ்சள் பொட்டும் சேர்ந்து தெரிந்தன. என்ன சொல்ல வந்தாய் என்று பிறகு கேட்டேன். மறந்துபோச்சு என்றாள்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "மஞ்சள அமுக்கிட்டு உள்ள போயி சாம்பாரப் பாருமே. அதுங்க நாளைக்கு ஒண்ணா குந்திகினு வெளையாடும்" என்று சிரித்தார். மறுநாள் அப்படித்தான் இரண்டும் ஒன்றாக உட்கார்ந்து விளையாடின. ஆனாலும் எனக்குத் தீரவில்லை. மீன்காரர் பெரியவர், கடைசி வரியில் தன் மனதைச் சொல்லத் தெரிந்தவர். என் மகளின் கடைசி வரி இன்னும் பெரிய காயமாகவும் இருக்கலாம். எதிரில் நிற்பதும் ஒரு குழந்தைதானே. காத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு வலிக்கும். நிறுத்தினால் என் மகள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியாமலே போகும்.

இதைப் படிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். இன்று மாலையும் நான் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நிற்பேன். எந்தச் சொல் வரைக்கும் பொறுத்திருக்கலாம், எந்தச் சொல்லில் வெளியே போக வேண்டும்? உங்கள் வீட்டில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். நீண்ட பதிலானாலும் கடைசி வரி வரை படிப்பேன்.