ஒரே வாளியில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. அஞ்சு பிள்ளைகளைத் தனியாளா வளர்த்தேன். அப்போ மண்ணூர்பேட்டையில, டிரைவருங்களே வண்டி கழுவிக்கிற வாட்டர் சர்வீஸ் ஷெட்டைக் கூட்டிப் பெருக்குற வேலை எனக்கு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முதலாளியோட மாப்பிள்ளை வந்தார். ஹாலோ பிளாக் சுவரெல்லாம் கிரீஸும் பாசியும். "இன்னைக்கே வெளுக்கணும்" என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கொட்டினார். "ரெண்டும் அழுக்கெடுக்கும்மா, சேர்ந்தா டபுளா எடுக்கும்!"

வாளி பொங்கிப் புகைந்தது. லாரி கழுவிக்கொண்டிருந்த டிரைவர் ஒருத்தர் பைப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"கையப் புடிச்சி இழுக்கிறியே, இன்னா நெனப்பு?" நான் கத்தக் கத்த இருமல்.

"திட்டுக்கா, கொரலு கீறப்பவே திட்டிக்கோ" என்றார் கரகரவென்று. "எனுக்கு முன்ன இதே மாதிரி பொகையிலதான் கொரலு போச்சி."

மாப்பிள்ளையோ தூரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சுவரு இன்னும் வெளுக்கலையே?" என்கிறார்! இந்த ஆளை என்ன செய்ய?

புகை அடங்கினதும் அந்த டிரைவரே சுவரை நனைத்து, வெறும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். பாசி போயிற்று. கிரீஸ் கறை கொஞ்சம் நின்றது, நிற்கட்டுமே.

இன்னும் இந்த வீட்டில் என் சத்தம் தெருமுனைவரை கேட்கிறதென்றால், அது அவர் காப்பாற்றிக் கொடுத்த தொண்டை.

கண்ணு, எழுதினதைப் படிச்சிக் காட்டு. அவரை நான் திட்டினதை விட்டுடலையே?