ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மல்லிகைத் தோட்டத்து ஓரமாக, வெளிநாட்டு நிதியில் வைத்த தானியங்கி மழைமானி ஒன்று நிற்கிறது. கொடுத்த நிதியால் பலன் இருக்கிறதா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்தே ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். திண்டுக்கல்லில் ஆங்கில ஆசிரியையாக இருக்கும் நான் அவருக்கு மொழிபெயர்க்கப் போனேன்.

கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து காரில் வரும்போதே மடிக்கணினியைத் திறந்துவிட்டார். அந்த மழைமானியின் பதிவுப்படி தினமும் காலை ஆறரைக்கு மழை. சித்திரை வெயிலிலும் மழை. பக்கத்து ஊர்க் கருவியிலோ ஒரு பொட்டுத் தூறல் இல்லை. மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றுதான் காரணம் என்று திண்டுக்கல் தாண்டும்வரை விளக்கினார். நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் பெய்வதில்லை என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

கருவியைப் பார்த்துக்கொள்வது தோட்டக்கார அம்மா. வைத்துவிட்டுப் போனவர்கள் அதைச் சுத்தமாக வைத்திருக்கச் சொன்னார்களாம். அதற்கப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம்.

"தூசி, காக்கா எச்சம், அம்புட்டும் அதுமேலதான் டீச்சர். தெனம் வெள்ளன ஒரு செம்புத் தண்ணி ஊத்திக் கழுவிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை என்று இழுத்தேன்.

"அன்னைக்கு மாதா கோயில்ல மொதப் பூசைக்குப் போயிருவேன்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தேன். மனிதர் சற்று நேரம் மழைமானியையே பார்த்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. தப்பாகிவிட்டதா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

மதிப்பீட்டாளர் எழுந்து அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். பல நாடுகளில் பார்த்துவிட்டாராம். கருவி வாங்கப் பணம் தருகிறவர்கள் பராமரிக்கத் தருவதில்லை. பாதி துருப்பிடித்துக் கிடக்கின்றன. தினமும் கவனிப்பு கிடைத்த கருவியை இங்கேதான் பார்க்கிறாராம். அதை அறிக்கையிலும் எழுதினார். இனி ஈரத்துணியால் வெளிப்பக்கம் துடைத்தால் போதும் என்று செய்தும் காட்டினார்.

சில மாதங்களில், அவ்வப்போது வந்து பார்க்க ஒரு டெக்னீஷியனைப் போட்டார்கள். ஆனால் அந்த அம்மாவுக்குக் கருவிமேல் நம்பிக்கை போய்விட்டது. ஐப்பசியில் ஒருநாள், நான் வகுப்பில் இருக்கும்போது போன் வந்தது.

"டீச்சர், இப்பப் பெய்யிறது நெச மழை. அந்த வெளிநாட்டு சார்கிட்டச் சொல்லிருங்க."

அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் பாடத்தைத் தொடர்ந்தேன்.