‘ஓ’வில் தொடங்கும் சொல்

ஊர் வாயை உலைமூடி போட்டா மூட முடியும்? ஹிசானோ போன்ற ஒருத்தி வாழ்ந்து காட்டினாலும் பேசும், தோற்றுப் போனாலும் பேசும். "வயசான காலத்துல டீச்சருக்குக் கல்யாணம் ஒரு கேடா" என்று மீன்கடைக்காரி இன்றைக்கும் சொல்கிறாள். சொல்லட்டும். உவோசு ஊர் மழலையர் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறவள் நான். என் அடுப்படிக்கும் ஹிசானோவின் வகுப்புக்கும் நடுவில் ஒரு காகிதக் கதவுதான். அவளைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற உரிமை அந்த மீன்கடைக்காரிக்குக் கிடையாது.

அவள் வகுப்பில் புத்தகம் இருக்காது. சிவப்புப் பயறு போட்டுத் தைத்த குட்டிப் பைகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தே பிள்ளைகள் எண்ணக் கற்றுக்கொண்டார்கள். கயிற்றை விரலில் மாட்டிப் பாலம் கட்டினார்கள், ஏணி கட்டினார்கள். எழுத்துக்கு வால்பிடி ஆட்டம். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்தவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். ‘ன்’னில் முடிகிற சொல்லைச் சொன்னவர் தோற்றார், ஏனென்றால் ‘ன்’னில் தொடங்குகிற சொல் எங்கள் மொழியிலேயே இல்லை. பசித்த பிள்ளை சோறு என்றால் கோஹான், தோல்வி. யாரையாவது மரியாதையாகக் கூப்பிட்டால் ‘சான்’, அதுவும் தோல்வி. அம்மாவே ஓகாசான்தானே! புதிதாக வருகிற பிள்ளை எதுவானாலும் முதலில் அந்தச் சொல்லில்தான் போய் விழும். விழுந்துவிட்டு உதட்டைப் பிதுக்கும். ஹிசானோ சிரித்துக்கொண்டே, "அம்மான்னு சொன்னவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு!" என்பாள்.

அகனே மட்டும் ஒரு நாளும் அதில் விழுந்ததில்லை. அவளுடைய அம்மா அவளை மூன்று வயதில் விட்டுவிட்டுக் கனசாவாவுக்குப் போய்விட்டாள். அப்பா முராசேவுக்கு மீன்பிட்டுத் தொழிற்சாலையில் வேலை. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, கையில் மீன் வாடையோடு ஓடிவந்து தலையைக் குனிந்து நிற்பார். அதுவரை ஹிசானோதான் அகனேயோடு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பாள். அப்படி உட்கார்ந்ததில்தான் முராசேயோடு கல்யாணம் வந்தது. அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அகனே அந்த வருடம் முதல் வகுப்புக்குப் போனாள்.

கல்யாணமாகி ஹிசானோ அந்த வீட்டுக்குப் போன பிறகும் அகனே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். ஒரு நாள் சாப்பாட்டில் முராசே, "இனிமே ஓகாசான்னு கூப்பிடணும், தெரியுதா?" என்றாராம். பெண் சாப்பாட்டுக் குச்சிகளை ஒழுங்காகக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர் டீச்சர்தானேப்பா" என்றாளாம். கோபமில்லை, அழுகையில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாளாம்.

அதிலிருந்து ஹிசானோவுக்கு அந்த ஒரு சொல் வேண்டும். நகை கேட்டவளில்லை, பட்டு கேட்டவளில்லை. அந்தப் பெண் வாயால் ஒரு தடவை ஓகாசான். அவ்வளவுதான்.

நான் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"நோபு அக்கா, ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். வால்பிடில அவளுக்கு ‘ஓ’ல முடியற சொல்லாவே குடுக்கப் போறேன். எத்தனை ‘ஓ’ சொல்லுவா? ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் அங்க வந்துதானே ஆகணும்?"

"அடியே, சொன்னா அவ தோத்துடுவாளே!"

"தோக்கட்டுமே. வாய்ல ஒரு தடவை வந்துட்டா கூச்சம் போயிடும் அக்கா. காப்பகத்துல நான் இத்தனை பிள்ளைங்களுக்கும் அப்படித்தானே எல்லாம் பழக்கறேன்? விளையாட்டுல வந்தது அப்படியே ஒட்டிக்கும்."

அவளுக்கு அதில் அப்படி ஒரு நம்பிக்கை. விளையாட்டு எதையும் சொல்லிக் கொடுத்துவிடும் என்று. நானும் தலையாட்டினேன். எனக்கென்ன தெரியும், முள்ளங்கி சீவுகிறவளுக்கு?

ஒரு பனிநாளில் ஊறுகாய் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். கணப்பு மேசைப் போர்வைக்குள் கால் நீட்டி இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹிசானோ "ஷிஓ" என்றாள். உப்பு. அகனே யோசிக்கக்கூட இல்லை.

"ஓச்சா."

கொஞ்ச நேரம் போய் மறுபடி ஹிசானோ, "காஓ." முகம்.

"ஓமிசு."

இன்னொரு முறை, "சாஓ." துணி காயப்போடுகிற கழி.

"ஓகோமே."

எங்கள் ஊரில் பொருளுக்கும் மரியாதை உண்டு. சா என்றால் வெறும் தேநீர். முன்னால் ஒரு ‘ஓ’ போட்டால் மரியாதையான தேநீர். தண்ணீர், அரிசி, தட்டு, குச்சி, சட்டி, வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ‘ஓ’ போடலாம். அந்தப் பெண்ணுக்கு ஜென்மத்துக்கும் ‘ஓ’ தீராது!

"ஏய், இது ஏமாத்து வேலை," என்றாள் ஹிசானோ, சிரித்துக்கொண்டே.

"நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? தண்ணியை வெறுமனே மிசுன்னு சொல்லக் கூடாது, ஓமிசுன்னு மரியாதையாச் சொல்லணும்னு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஹிசானோவும் சிரித்தாள். சிரித்தபடியே ஊறுகாய்ச் சாடியை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

அகனே கெட்ட பெண் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட பெண்ணாக இருந்தால் நான் நாலு திட்டுத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, "நன்றி டீச்சர், ரொம்ப ருசியா இருந்துச்சு" என்று குனிந்து சொல்கிற பெண். காய்ச்சலில் ஹிசானோ இரவெல்லாம் ஈரத்துணி மாற்றினால், விடிந்ததும் "தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்கிற பெண். அம்மாவிடம் யாராவது மன்னிப்பு கேட்பார்களா? அந்த மரியாதைதான் ஹிசானோவை உள்ளுக்குள்ளேயே அரித்துத் தின்றது.

வருடங்கள் போயின. அகனே வளர்ந்து தோள் உயரம் வந்தாள். வால்பிடி சின்னப் பிள்ளைகள் ஆட்டம் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் ஹிசானோ கேட்டால் உட்காருவாள். மறுப்பது மரியாதையில்லையே. ஒரு முறைகூடத் தோற்கவில்லை.

ஆறாம் வகுப்பு முடிகிற சமயத்தில் கனசாவாவிலிருந்து தொலைபேசி வந்தது. பெற்றவளுக்குத் திடீரென்று நினைவு வந்துவிட்டது. வீடு இருக்கிறது, பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, அனுப்பி வையுங்கள் என்றாள். முராசே பெண்ணிடமே கேட்டார். பெண், "போறேன்" என்றாள். முராசே அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற வாயா அது!

நான்தான் அடுப்படியில் கத்தினேன். "இத்தனை வருஷம் எங்கடி போயிருந்தா அவ? நீ பொங்கிப் போட்டு ஆளாக்குவே, அவ வந்து அள்ளிக்கிட்டுப் போவாளா? நீ ஏண்டி மரம் மாதிரி நிக்கிற? போகாதேன்னு சொல்லேன்!"

"நான் யாருன்னு சொல்றது, அக்கா? டீச்சர் சொன்னா நின்னுடுவாளா?" என்றாள் ஹிசானோ.

புறப்படுகிற அன்று நானும் ரயில் நிலையத்துக்குப் போனேன். நடைமேடை ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. கூடப் போய்க் கொண்டுவிட்டு வர வேண்டிய முராசே இரண்டு பைகளையும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்து நின்றார். அகனே புதுக் கோட்டு போட்டிருந்தாள். ஹிசானோ அவளுடைய கழுத்துத் துணியைச் சரி செய்தாள், மறுபடி சரி செய்தாள். பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி, "ரயில் வர்ற வரைக்கும் ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்று கேட்டாள். எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது.

"சரி டீச்சர்."

"ஷிஓ," என்றாள் ஹிசானோ.

தூரத்தில் ரயிலின் விளக்கு தெரிந்தது. அகனே அதைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஹிசானோவைப் பார்த்து, தெளிவாக,

"ஓகாசான்," என்றாள்.

ஹிசானோவின் கை தானாக எழுந்தது. அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! அவள் வாய் திறப்பதற்குள் அகனே குனிந்து வணங்கிவிட்டாள்.

"நான் தோத்துட்டேன். ஆட்டம் முடிஞ்சுது, டீச்சர். ரயில் வந்துடுச்சு. இத்தனை நாள் பார்த்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி."

கதவு மூடியது. ஹிசானோ கையை ஆட்டினாள். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணும் ஒழுங்காகக் கை ஆட்டினாள்.

படியில் இறங்கும்போது எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எப்படியோ, வாயால வந்துடுச்சு இல்லடி, ஓகாசான்னு?" என்றேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவள் நான்.

ஹிசானோ நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வந்துச்சு அக்கா. என்னைக் கூப்பிடறதுக்கு வரல. என்னை நிறுத்தறதுக்கு வந்துச்சு."