ஞாயிற்றுக்கிழமைப் புத்தகம்

அப்பா பஸ் கண்டக்டர். நான் ஐந்தாவது படிக்கும்போது அவரைப் பழனிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிறு மட்டும் திண்டுக்கல்லுக்கு வருவார். நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகத்தை இருவரும் சேர்ந்துதான் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கதையில் வரும் ராஜாகூட அவர் வாயில் கண்டக்டராகிவிடுவார்: “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!”

எதிலும் அவசரக்காரி நான். ஒரு வாரம் பொறுக்க முடியாமல் முழுப் புத்தகத்தையும் தனியாகப் படித்துவிட்டேன். ஞாயிறன்று, திருடன் பானைக்குள் ஒளியும் வரி அப்பாவின் குரலில் வரப்போகிறதே என்ற சந்தோஷத்தில் முன்கூட்டியே சிரித்துவிட்டேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “என்ன தாயி, அப்பாவ ஏத்தாமயே பஸ்ஸ எடுத்துட்டியா?”

“இல்லப்பா...”

“சரி விடு. எனக்கும் தூக்கமா வருது.”

புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தனியாகப் படித்தபோது அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பே வரவில்லை என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து எடுத்த புத்தகத்தில் முதல் அத்தியாயத்தைச் சேர்ந்து படித்தோம். மீதியை நான் தொடவில்லை. மறு ஞாயிறு அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. திருப்பித் தரவேண்டிய நாளில் நூலகர் கேட்டார்:

“படிச்சாச்சா பாப்பா?”

தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கதை எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.