எனக்கு வந்த கண்ணீர் அஞ்சலி

நான் இறக்கவில்லை. காலையிலிருந்து என் மகனுக்கு இரங்கல் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்தவும்.

என் படத்துக்கு மாலை போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று முகநூலில் பரப்பியவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டுக்குள் வைத்துப் பட்டாசு செய்கிறார் என்று போன வாரம் நான் புகார் கொடுத்தேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

இதற்கும் நான் புகார் கொடுக்க, இன்று மதியம் இருவரும் காவல் நிலையத்தில் நின்றோம்.

“சும்மா கேலிக்குப் போட்டது சார். நமக்குப் பேச்சு சுதந்திரம் கிடையாதா?” என்றார் அவர்.

“பெரியம்மா, வயசுல மூத்தவுக நீங்க. மன்னிப்பு எழுதி வாங்கித் தாரேன், விட்ருங்க” என்றார் எஸ்.ஐ.

“சுதந்திரம்தானே? என் முகத்தப் பாத்து ‘நீ செத்துட்டே’ன்னு இங்கன சொல்லட்டும். சொல்லிட்டா புகாரக் கிழிச்சிருதேன்” என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எஸ்.ஐ.க்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“அப்ப கேஸ் எழுதுங்க. உள்ள போகட்டும்.”

பேச்சுக்கு ஜெயிலா என்று என் மகனே கேட்கிறான். என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். உயிரோடு இருப்பவளுக்கு மாலை போட்டால் அது மிரட்டல்.

அந்தப் பதிவுக்குச் சிரிப்புக் குறி போட்ட இருபத்தாறு பேரின் பெயர்களையும் புகாரோடு இணைத்திருக்கிறேன். எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒவ்வொருவரும் இதன் கீழே எழுத்தில் தெரிவிக்கவும்.